சாமிக்கு வைத்த பீஸ்

எங்கள் கம்பெனியில் சாமிக்கும் ஒரு பீஸ் உண்டு. அதையும் சேர்த்துத் திட்டம் போடுவது என் வேலை.

துவாக்குடியில் ஒரு சிறிய தொழிற்சாலை. இரும்புக் கம்பியைக் கடைந்து, துளையிட்டு, மிகத் துல்லியமான பாகங்களாக்கி மற்ற கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். அங்கே நான் புரொடக்‌ஷன் பிளானர். இந்த வேலை என்னவென்று வெளியில் ஒருவருக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். என் மாமியார் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு முழுக்க என்னை இன்ஜினியர் என்று சொல்லி வைத்திருக்கிறார். அவர் மனக்கண்ணில் நான் நாளெல்லாம் ஸ்பேனரும் கையுமாக நிற்கிறேன். உண்மையில் நான் எடுப்பது ஸ்பேனரை அல்ல, ஆட்களின் உயிரை. கம்பி வந்ததா, டூல் இருக்கிறதா, எந்த மெஷினில் எந்த வேலை ஏறுகிறது, யார் லீவு, வண்டி எப்போது கிளம்பும் என்று காலையிலிருந்து எல்லோர் பின்னாலும் அலைய வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவரின் நிலைமைதான். அவர் சமைப்பதும் இல்லை, உட்கார்ந்து சாப்பிடுவதும் இல்லை. ஆனால் ஓர் இலைக்குப் பாயசம் வராவிட்டால் திட்டு அவருக்குத்தான்.

எங்கள் முதலாளி புத்தூர்க்காரர். நல்ல மனிதர், கையில் காசு இருந்தாலும் குரல் உயர்த்தாதவர், பக்தி மட்டும் கொஞ்சம் தூக்கல். கம்ப்யூட்டர் ஒரு நேரம் சொல்லும், சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் இன்னொரு நேரம் சொல்லும். இரண்டுக்கும் சண்டை வந்தால் காலண்டர்தான் ஜெயிக்கும். ராகு காலத்தில் புது வேலை மெஷினில் ஏறக் கூடாது, ராகு காலம், எமகண்டம் இரண்டிலும் சரக்கு வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது. சேர்ந்த புதிதில் பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம், மெஷினுக்கு எண்ணெய் மாற்றுவது, இரும்புச் சில்லு அள்ளுவது எல்லாவற்றையும் ராகு காலத்தில் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டேன். ராகுவுக்கும் ஒரு வேலை கொடுத்தாயிற்று.

அதே பக்தியில் வந்ததுதான் சாமி பீஸ். ஒவ்வொரு புது லாட்டிலும், அதாவது ஓர் ஆர்டருக்கென்று சேர்த்துச் செய்யும் சரக்கில், மெஷினிலிருந்து வரும் முதல் பீஸை ஆபரேட்டர் துடைத்து எடுத்து வருவார். ஆபீஸ் வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி, அதற்குள் எல்லாச் சாமி படங்களும். அவற்றின் காலடியில் அந்தப் பீஸை வைத்து, சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். அடுத்த லாட் வரும்வரை அது அங்கேயே இருக்கும். அதனால் வாடிக்கையாளர் எத்தனை கேட்கிறாரோ, அதற்கு மேல் ஒன்று என்று நான் கம்பி கேட்டு வாங்குவேன். ஆடிட்டுக்கு வந்த ஒருவர் இது என்ன ஒன்று அதிகம் என்று கேட்டபோது, 'அது மேலிடத்துக்கு' என்றேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் சொல்ல வந்தது ஆயுத பூஜை முடிந்து சில நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததை.

வெள்ளிக்கிழமைகளில் அலமாரிக்குப் பூ கொண்டு வருவது என் பொறுப்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவள், அங்கே இல்லாத பூவா என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அன்று காலை சரத்தைப் படங்களுக்குப் போட்டுவிட்டுக் கீழே பார்த்தால், பீஸைக் காணோம். அது இருந்த இடத்தில் வட்டமாகக் குங்குமம் சிந்தியிருந்தது, அவ்வளவுதான்.

காணாமல் போனது ஒரு பின். கட்டை விரலைவிடக் கொஞ்சம் பருமன், ஒரு சாண் நீளம், நடுவில் எண்ணெய் விடுவதற்கு ஒரு சின்னத் துளை. லிஃப்ட்டின் பிரேக்கில் போய் உட்காரும் பின் அது. பிரேக்கின் இரண்டு கைகளும் இந்தப் பின்களில்தான் ஆடும். கை தடையில்லாமல், ஆட்டமும் இல்லாமல் அசைந்தால்தான் லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். பின் பழுதானால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

எங்கள் டெஸ்பாட்ச் அண்ணனைத் தேடிப் போனேன். எல்லாச் சரக்கையும் பேக் செய்து வண்டி ஏற்றுகிறவர் அவர்தான். மருங்காபுரிப் பக்கத்துக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர்.

"அண்ணே, அலமாரில இருந்த பின் எங்க?"

அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "அதுவா மேடம், புதன்கிழமை லாட்ல போட்டு அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டீங்களா?"

"பேக் பண்றப்ப ஒரு பின் கை நழுவிக் கீழ விழுந்து முனை நசுங்கிடுச்சு. ஒண்ணு குறையுது. பன்னெண்டு மணிக்கு ராகு காலம், அதுக்குள்ள வண்டி கிளம்பியாகணும்னு முதலாளி சொல்லிட்டாரு. வேற வழி?"

"அதுக்காகச் சாமிகிட்ட இருந்து எடுப்பீங்களா?"

"சும்மா எடுப்பனா மேடம்? பூக்கட்டிப் பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

அதாவது, காகிதத்தில் ஒரு வெள்ளைப் பூவை மடித்து, இன்னொன்றில் சிவப்புப் பூவை மடித்து, அலமாரி முன்னால் போட்டிருக்கிறார். கூட்டிப் பெருக்கும் அக்காவைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்லியிருக்கிறார். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். வெள்ளை வந்துவிட்டது. அடுத்த லாட்டில் ஒன்றுக்கு இரண்டாக வைத்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு, பின்னைத் துடைத்துப் பெட்டியில் போட்டு ஆணியடித்துவிட்டார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சரி, அதுவும் இதே மெஷினில் இதே ஆள் செய்த பின்தானே, போனால் போகட்டும் என்று தோன்றியது. இருந்தாலும் திட்டம் போடுகிற புத்தி சும்மா இருக்காது. அந்த ஒரு பின் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகாமல் நேராக அலமாரிக்குப் போனது என்பது உறுத்தியது. ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மெஷினுக்குப் போனேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கும். கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"இந்த லாட்டோட முதல் பின் அளவு சரியா இருந்துச்சில்ல?"

"எது, அலமாரி பீஸா?" என்று சிரித்தார். "அது செட்டிங் பீஸுங்க மேடம். அளவு கம்மி. அதைப் பாத்துத்தான் மெஷினைத் திருத்தினேன். நல்ல பீஸை யாராவது அலமாரில வைப்பாங்களா?"

"இந்த லாட்டுக்கு மட்டுமா?"

"எல்லா லாட்டும் அப்படித்தான். முதல் பீஸ் முன்ன பின்னதான் வரும். தூக்கிப் போடறதைச் சாமிக்கு வச்சுடறோம். அவரு என்ன மைக்ராமீட்டர் போட்டா பாக்கப் போறாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமிக்கென்று நான் வருடக்கணக்காகக் கூடுதலாகக் கேட்டு வாங்கிய கம்பி எல்லாம் கழிசலுக்குப் போயிருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். வேண்டாம் என்று இவர்கள் ஒதுக்கிய பின்னை, இதுதான் உயர்ந்தது என்று நம்பி டெஸ்பாட்ச் அண்ணன் ஒரு லிஃப்ட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறார். அளவு குறைந்த பின் என்றால் பிரேக்கில் அது உட்காரும் துளைக்குள் ஆட்டம் கொடுக்கும். பிரேக்கின் கை சாய்ந்து பிடிக்கும். எங்கோ முகம் தெரியாத ஒருவர் அந்த லிஃப்ட்டில் ஏறி நிற்பார். ஓட்டமும் நடையுமாக முதலாளி அறைக்குப் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். முதலாளியின் முகம் வெளுத்துப் போனது. அப்பாடா, புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

"சாமிக்கு வச்சதையா எடுத்தான்? எப்படிம்மா மனசு வந்துச்சு அவனுக்கு?" என்றார். "போன மாசம் கம்ப்ரஸர் நின்னது, இப்ப இது. நேரமே சரியில்ல. குருக்களுக்கு ஒரு போன் போடு. என்ன பரிகாரம்னு கேட்டுடலாம்."

காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"சார், அந்த பின் அளவு கம்மி. லிஃப்ட் பிரேக்ல மாட்டப் போறாங்க."

"அது புரியுதும்மா."

"கஸ்டமர்கிட்ட இப்பவே சொல்லணும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவசரப்படாத. இத்தனை வருஷம் ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல. நாமளே போன் போட்டுத் தப்பு பண்ணிட்டோம்னு சொன்னா பேரு என்ன ஆகும்? அவங்களும் அளந்து பாத்துத்தானே மாட்டுவாங்க. சரியில்லன்னா ஒதுக்கிடுவாங்க."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவர் எதிரிலேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். லால்குடி சாலையில் இருக்கும் அந்த லிஃப்ட் கம்பெனியின் அசெம்பிளி இன்சார்ஜ் எடுத்தார். பல வருடப் பழக்கம்.

"சார், புதன்கிழமை வந்த பின் எல்லாம் அளந்து பாத்தீங்களா?"

"உங்க சரக்கை நாங்க அளக்கறதே இல்லையே" என்றார் அவர், பாராட்டுகிற குரலில். "மத்தவங்க அனுப்பறதைத்தான் அளப்போம். உங்களோடது பெட்டியைப் பிரிச்சு நேரா அசெம்பிளிதான். ஏங்க?"

முதலாளி கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார்.

ஒரு பின் தவறிப் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். பூக்கட்டிப் பார்த்த கதையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எல்லாப் பிரேக்கிலும் மாட்டியாகிவிட்டது என்றார். ஒரே ஒரு பிரேக் மட்டும், அதிலுள்ள இரண்டு பின்னோடு, நேற்றே வெளியே போய்விட்டதாம்.

"எங்க போச்சு?"

"உங்க ஸ்ரீரங்கந்தான். அம்மா மண்டபம் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட். பழைய லிஃப்டுக்குப் பிரேக் போயி ரொம்ப நாளா நின்னு கிடந்துச்சு. வயசானவங்கதான் முக்கால்வாசி. தினம் போன் போட்டு நச்சரிச்சாங்க. நேத்து சாயங்காலம் மாட்டி ஓட விட்டாச்சு."

"அதை உடனே நிறுத்தச் சொல்லுங்க சார்."

"அந்த அப்பார்ட்மென்ட் செகரட்டரிக்குப் போட்டுப் பாக்கறேன். ஆனா நீங்க சொல்றது ஒரே ஒரு பின்தானே. இங்க இருக்கற பிரேக்ல அது கிடைச்சுட்டா அங்க பயமில்ல. நீங்க கிளம்பி வாங்க, பிரிச்சுப் பாத்துடலாம்."

முதலாளி தன் கார்ச் சாவியை மேசையில் தள்ளினார். டிரைவரையும் கூட்டிக்கொள்ளச் சொன்னார். பரிகாரப் பேச்சு அதோடு நின்றது.

ஆபரேட்டர் பின்னின் பருமனை அளந்த அதே மைக்ராமீட்டரைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டேன். டெஸ்பாட்ச் அண்ணனையும் ஏற்றிக்கொண்டேன். பின்னைப் பார்த்தால் அடையாளம் தெரியும் என்றார் அவர். எண்ணெய்த் துளைக்குள் போன குங்குமத்தை அவசரத்தில் துடைக்கவில்லையாம்.

பைபாஸில் ஏறிக் காவிரியைத் தாண்டும்போது ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் பார்த்திருப்பேன். அண்ணன் மட்டும் நிதானமாக இருந்தார். அவருக்கு இன்னும் விஷயம் உறைக்கவில்லை.

"எங்க ஊர்ல கிணறு வெட்டறதுன்னாகூடப் பூக்கட்டிப் பாத்துத்தான் வெட்டுவோம் மேடம்."

"தண்ணி வருமா?"

"சில சமயம் வரும்" என்றார்.

நான் பொறுமையிழந்து, அலமாரிக்குப் போவது எல்லாம் செட்டிங்கில் ஒதுக்கிய பீஸ் என்பதைப் போட்டு உடைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதைப் போல அவர் முகம் ஆகிவிட்டது.

"சாமிக்குன்னு வைக்கறதை யாராவது சொத்தையா வைப்பாங்களா மேடம்? என்னால நம்ப முடியலை." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அப்படியா பண்ணுவாங்க?" என்றார்.

லிஃப்ட் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே பிரேக்குகளைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். செகரட்டரி போனை எடுக்கவில்லை என்று இன்சார்ஜ் சொன்னார். கோயிலுக்குப் போயிருக்கலாம் என்றார். பின்களை ஒவ்வொன்றாகத் தட்டி வெளியே எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார்கள். அண்ணன் குனிந்து ஒவ்வொரு துளையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"இதாங்க" என்றார் அண்ணன்.

துளையின் உள்ளே சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. கெட்டது இங்கே மாட்டிக்கொண்டது என்றால், ஸ்ரீரங்கத்துக்குப் போன இரண்டும் நல்ல பின்கள். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பெருமாளே என்றுகூட வாயில் வந்தது. இன்சார்ஜ் அதற்குள் தன் மைக்ராமீட்டரை எடுத்து, சும்மா எவ்வளவுதான் குறைந்திருக்கிறது என்று பார்க்க அந்தப் பின்னை அளந்தார்.

"இது கரெக்டாத்தான் இருக்கு" என்றார்.

நான் வாங்கி அளந்தேன். கச்சிதமாக இருந்தது. ஒரு குறையும் இல்லை.

"மத்ததை அளந்து பாருங்க சார்."

அடுத்ததை அளந்தார். புருவத்தைச் சுருக்கினார். அதற்கடுத்தது. அதற்கடுத்தது. எல்லாம் பருமன் கூடுதல். தலைமுடியை நாலாகப் பிளந்தால் ஒரு பங்கு இருக்குமே, அவ்வளவுதான். ஆனால் இந்தப் பின்னுக்கு அந்த அளவே அதிகம்.

"அதான் இந்தத் தடவை டைட்டா இருந்துச்சா" என்றார் இன்சார்ஜ் மெதுவாக. "நைலான் சுத்தியால தட்டி இறக்கினோம்னு பசங்க சொன்னாங்க. உங்க சரக்குங்கறதால நான் கண்டுக்கலை."

எங்கள் மைக்ராமீட்டரை எடுத்து அதே பின்களை அளந்தேன். சாமி பின் குறைவு என்றது. மற்றதெல்லாம் சரி என்றது. அவருடையதும் என்னுடையதும் நேர் எதிராகப் பேசின. அவருடையது சோதித்து ஒட்டிய ஸ்டிக்கரோடு புத்தம் புதிதாக இருந்தது. அப்படியானால் பொய் சொல்வது என்னுடையது.

இந்தக் கருவியின் பெட்டிக்குள் ஒரு சிறு உருளைக் கம்பி இருக்கும். மைக்ராமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று அந்தக் கம்பியை அளந்துதான் திருத்துவார்கள். படிக்கல்லைச் சரிபார்க்க ஒரு படிக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் ஒரு முனையில் மங்கலாக ஏதோ படிந்து காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஆட்கள் சுத்தியல் முதல் மெஷின் வரை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தார்கள். யாரோ ஒரு பக்திமான் ஒன்றையும் விடக் கூடாது என்று பெட்டியைத் திறந்து இந்தக் கம்பிக்கும் வைத்திருக்கிறார். மறுநாள் துடைத்தார்கள், முனையில் ஒரு பூச்சு தங்கிவிட்டது. அதை வைத்து மைக்ராமீட்டரைத் திருத்தினார்கள். மெஷினிலிருந்து முதல் பின் சரியாகவே வந்திருக்கிறது. பொய்யான கருவி அதைக் குறைவு என்றது. ஆபரேட்டர் அதைச் சாமிக்கு ஒதுக்கிவிட்டு, நன்றாக இருந்த மெஷினைத் திருத்தி, மீதி எல்லாவற்றையும் தப்பாகக் கடைந்து தள்ளியிருக்கிறார். இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த மைக்ராமீட்டர் சோதனைக்கு வெளியே போயிருந்ததால் அங்கேயும் இதையே வாங்கி அளந்து சரி என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

அந்த லாட்டிலேயே உருப்படியான பின் ஒன்றே ஒன்றுதான். நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கியது.

டெஸ்பாட்ச் அண்ணனுக்கு இதில் பாதிதான் புரிந்தது. சாமி பின் சரி என்ற பாதி. கண் கலங்க இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். "நான் சொன்னேன்ல மேடம். சாமிக்கு வச்சது தப்பா போகாது."

அவர்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. "அண்ணே, அப்ப ஸ்ரீரங்கத்துல இருக்கற ரெண்டும் தப்பு" என்றேன். கும்பிட்ட கை அப்படியே கீழே இறங்கியது.

இறுக்கமான பின்னில் பிரேக்கின் கை சிக்கும். இன்று சிக்கலாம், ஒரு வாரம் கழித்துச் சிக்கலாம். சிக்குகிற நேரத்தில் பிடிக்க வேண்டிய பிரேக் பிடிக்காது. செகரட்டரி இப்போதும் போனை எடுக்கவில்லை. பிரேக் மாட்டிய மெக்கானிக் பெரம்பலூரில் இருந்தார். ஸ்ரீரங்கம் எனக்குத் தெரியும், நாங்களே போகிறோம் என்று கிளம்பினோம். டோல்கேட்டில் ஒரு கரும்பு லாரி குறுக்கே நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது. டிரைவரைத் திட்டினேன், லாரியைத் திட்டினேன், சந்தனத்தைத் திட்டினேன். பன்னிரண்டு மணிக்குள் வண்டி கிளம்ப வேண்டும் என்று கட்டளை போட்ட காலண்டரையும் விடவில்லை. அண்ணன் முன் சீட்டில் தலையைக் குனிந்தபடி வந்தார்.

அப்பார்ட்மென்ட் வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். லிஃப்ட் கதவில் புதிதாகச் சந்தனப் பொட்டு. வாட்ச்மேன் நாற்காலியில் இருந்து எழுந்தார்.

"லிஃப்டை நிறுத்தணும். மெயின் சுவிட்ச் எங்க?"

"ஆள் ஏறியிருக்காங்கம்மா. மூணாவது மாடியிலேர்ந்து இறங்கிட்டு இருக்கு."

சுவிட்சை அணைக்கலாம் என்று எழுந்த கை அப்படியே நின்றுவிட்டது. கரண்ட்டை நிறுத்தினால் லிஃப்ட்டைப் பிடித்து நிறுத்த வேண்டியது அந்தப் பிரேக்தான். எந்தப் பிரேக்கை நம்பக் கூடாது என்று ஓடி வந்தேனோ, அதை நம்பித்தான் சுவிட்சையே அணைக்க முடியும். ஒன்றும் செய்ய முடியாது. தானாக வந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் மூன்று இரண்டானது. இரண்டிலேயே வெகு நேரம் இருந்ததாக எனக்குப் பட்டது. உள்ளே கயிறு ஓடும் சத்தம் கேட்டது. பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

லிஃப்ட் வந்து நின்றது. தரைக்கு நான்கு விரல் கீழே தள்ளி நின்றது.

கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் ஒரு முதியவர், நெற்றியில் திருமண், மடியில் துளசிக் கிண்ணம். பின்னால் அவர் மனைவி, மடிசார் புடவையில். நாற்காலி அந்த மேட்டில் ஏறாமல் முட்டியது. அண்ணன் பாய்ந்து போய் அதை அப்படியே தூக்கி வெளியே வைத்தார். நான் மாமியின் கையைப் பிடித்து வெளியே ஏற்றினேன்.

"ஒரு படி மாதிரி பள்ளமா நிக்கறது, வேற ஒண்ணுமில்ல" என்று மாமி எனக்குச் சமாதானம் சொன்னார். "மாமா வாசலைப் பார்த்து எத்தனை நாளாச்சு தெரியுமோ? இன்னிக்குத்தான் பெருமாளைச் சேவிக்கக் கிளம்பினோம். நீ யாரும்மா, லிஃப்ட் கம்பெனியா?"

"இல்ல மாமி. இந்தப் பிரேக்குக்குப் பின் செஞ்சது எங்க கம்பெனிதான். அதுல..."

மாமி என்னை முடிக்க விடவில்லை. "நீங்களா பண்ணினேள்?" என்று என் கன்னத்தைத் தொட்டார். பிறகு கணவரின் காதருகே குனிந்து, "இவாதான் பண்ணினாளாம்" என்று உரக்கச் சொன்னார். முதியவர் நாற்காலியில் இருந்தபடியே நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். நடுங்கும் கைகளைச் சேர்த்துக் கும்பிட்டார். மாமியும் கும்பிட்டார்.

அண்ணன் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் வாட்ச்மேனிடம் திரும்பி, சுவிட்ச் எங்கே என்று மறுபடியும் கேட்டேன்.